எழுத்தாளர் மேசையிலிருந்து பதிப்பாளர் மேசைக்கு: தமிழ்க் கைப்பிரதியின் நிலை

சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது. பொங்கலை ஒட்டி நடக்கும் அந்தக் காட்சியை நோக்கியே ஆண்டு முழுவதும் ஓடத் தமிழ்ப் பதிப்புலகம் பழகிவிட்டது. புதிய புத்தகம் டிசம்பர் கடைசிக்குள் அச்சாகிவிட வேண்டும் என்று பதிப்பாளர் நினைக்கிறார். எழுத்தாளரும் அப்படியே நினைக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழையோடு கைப்பிரதிகளும் கொட்டுகின்றன. ஒரு நடுத்தரப் பதிப்பகத்தில் பக்கம் வடிவமைப்பவர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். மெய்ப்புப் பார்ப்பவர், பல இடங்களில், பக்கக் கணக்குக்குக் கூலி வாங்கும் வெளியாள். நவம்பர் நடுவில் வந்த 300 பக்க நாவலை அவர் ஒரு வாரத்தில் பார்த்துத் தர வேண்டும். அந்த வேகத்தில் ஒற்றுப்பிழை அகப்படும். மூன்றாம் அத்தியாயத்தில் தங்கையாக இருந்தவள் பத்தாம் அத்தியாயத்தில் அக்காவாகிவிட்டது அகப்படாது.

கைப்பிரதியைத் தயார்செய்வது எப்படி என்று கேட்கும் புதிய எழுத்தாளர்களில் பலர் எழுத்துருவின் அளவையும் வரி இடைவெளியையும் பற்றித்தான் கேட்கிறார்கள். இவற்றுக்கு விடை எளிது: பதிப்பகம் சொன்னபடி செய்யலாம், சொல்லாவிட்டால் கண்ணுக்கு உறுத்தாமல் வைத்தால் போதும். எப்படியும் அந்த அலங்காரம் முழுவதையும் களைந்துவிட்டுத் தங்கள் பக்க அமைப்புக்குள் கொண்டுபோய்விடுவார்கள். உண்மையான கேள்வி வேறு. ஆங்கிலப் பதிப்புலகில் ஒரு கைப்பிரதி முகவர், கைப்பிரதியைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர், வரிவரியாகச் செப்பனிடும் ஆசிரியர், மெய்ப்புத் திருத்துபவர் என்று நாலைந்து கைகள் மாறி அச்சுக்குப் போகிறது. தமிழில் முகவர் என்ற ஆளே ஏறக்குறைய கிடையாது. செம்மையாக்குநர் என்ற நாற்காலி சில பதிப்பகங்களில்தான் இருக்கிறது. அதிலும் ஆள் இல்லாத நாள்கள் அதிகம். ஆகவே மற்ற மொழிகளில் பதிப்பகத்தின் வேலையாக இருப்பதில் பாதி, தமிழில் எழுத்தாளரின் வேலையாக வந்து விழுகிறது. கைப்பிரதித் தயாரிப்பு என்று இங்கே சொல்வது அந்தப் பாதியைத்தான்.

விதிவிலக்குகள் உண்டு. 1974இல் தொடங்கப்பட்ட க்ரியாவில் எஸ். ராமகிருஷ்ணன் செய்துகாட்டியது தமிழுக்குப் புதிது. எழுத்தாளரோடு உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகக் கேள்வி கேட்பது, காற்புள்ளி ஒன்று இருக்க வேண்டுமா என்று விவாதிப்பது, திருத்தம் முடியும்வரை புத்தகத்தை நிறுத்திவைப்பது என்று அவர் வேலை செய்தார். இமையத்தின் முதல் நாவலான ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் அங்கிருந்துதான் வந்தது. அதே அக்கறையிலிருந்துதான் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் 1992இல் வந்தது. 2008இலும் 2020இலும் அது விரிந்தது. ராமகிருஷ்ணன் 2020 நவம்பரில் காலமானார். அந்த முறையில் ஆண்டுக்குச் சில புத்தகங்கள்தான் போட முடியும். ஒரே ஜனவரிக்கு ஐம்பது தலைப்புகள் கொண்டுவர நினைக்கும் நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அச்சுக்கோர்ப்புக் காலத்தில் நிலைமை ஒருவகையில் எழுத்தாளருக்குச் சாதகமாக இருந்தது என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும், இடப்பக்கம் விளிம்பு விட வேண்டும், பக்க எண் போட வேண்டும் என்ற விதிகள் எல்லாம் கம்பாசிட்டரின் கண்ணையும் கையையும் மனத்தில் வைத்து உண்டானவை. கோத்த ஈய எழுத்தைக் கலைத்து மறுபடி கோப்பது காசு பிடிக்கும் வேலை. காலி புரூஃபில் ஒரு பத்தியைக் கூட்டினால் அச்சகத்துக்காரர் முகம் சுளிப்பார். அதனால் எழுத்தாளர் கையெழுத்துப் படியிலேயே முடிவுக்கு வர வேண்டியிருந்தது. கணினி வந்தபின் திருத்தம் இலவசமானது, முடிவெடுப்பது தள்ளிப்போனது. பக்கம் வடிவமைத்து பிடிஎஃப் அனுப்பியபிறகு ‘ஒரு சின்னத் திருத்தம்’ என்று நாற்பது வாக்கியங்களை வாட்ஸப்பில் அனுப்பும் பழக்கம் அப்படித்தான் வந்தது. அந்த நாற்பதில் நாலு விட்டுப்போகும். ஆறு தவறான பக்கத்தில் ஏறும்.

பாடம் உறுதியாக இல்லாவிட்டால் பின்னால் என்ன ஆகும் என்பதற்குப் புதுமைப்பித்தனைவிடப் பெரிய சான்று வேண்டாம். அவர் 1948இல் மறைந்தார். இதழில் வந்த கதைக்கும் புத்தகத்தில் வந்த கதைக்கும் வேறுபாடு, ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு என்று குவிந்துகிடந்ததை ஒப்பிட்டு, ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகள் 2000இல்தான் காலச்சுவடு வழியாக வெளிவந்தது. அரை நூற்றாண்டு கழித்து ஓர் ஆய்வாளர் வந்து பாடபேதம் பார்க்கும் பேறு எல்லோருக்கும் வாய்க்காது.

இன்று இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. இதழ்த் தொடராகவோ முகநூல் பதிவுகளாகவோ வந்தவைதான் இன்றைய கட்டுரைத் தொகுப்புகளில் பெரும்பாலானவை. பதிவாக இருந்தபோது ஒவ்வொன்றும் தனித்து நிற்க வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வொன்றிலும் அந்த ஊர் எங்கே இருக்கிறது, அந்த மனிதர் யார் என்ற அறிமுகம் திரும்பத்திரும்ப வரும். ‘போன வாரம் பார்த்தோம் அல்லவா’ என்ற வரி புத்தகத்தில் எந்த வாரத்தைச் சொல்கிறது? ‘சமீபத்தில்’ என்று எழுதியது எட்டு வருடத்துக்கு முந்தைய சமீபம். ஒரே மேற்கோள் மூன்று கட்டுரைகளில் மூன்று விதமாக இருக்கும். இவற்றைக் களைவதற்கு இலக்கணப் புலமை தேவையில்லை. ஒரு முறை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, ஒரே மூச்சில், தாளில் அச்சிட்டுப் படித்தாலே போதும். திரையில் படிக்கும்போது தப்பிக்கிற பிழை தாளில் தப்பிப்பது குறைவு. செய்கிறவர்கள் சிலரே.

அடுத்தது ஒருமைப்பாடு. இதில்தான் தமிழ்க் கைப்பிரதிக்கே உரிய தலைவலிகள் இருக்கின்றன. ‘வந்துகொண்டிருந்தான்’ என்று சேர்த்தும் எழுதுகிறோம், ‘வந்து கொண்டிருந்தான்’ என்று பிரித்தும் எழுதுகிறோம். துணைவினையைச் சேர்த்து எழுதுவதே பொருளுக்குப் பொருத்தம் என்பது என் கட்சி: ‘விட்டு விட்டான்’ என்று பிரித்தால் விட்டுவிட்டுச் செய்தான் என்றும் படிக்கலாம். எதைத் தேர்ந்தாலும் 250 பக்கத்துக்கும் அதுவே இருக்க வேண்டும். ஆண்டுக்குப் பின்னால் ‘1947இல்’ என்பதா, ‘1947ல்’ என்பதா, நடுவில் சிறுகோடு உண்டா, ஷேக்ஸ்பியரா சேக்சுபியரா, உரையாடலுக்கு ஒற்றை மேற்கோளா இரட்டையா, எண்களை எதுவரை எழுத்தால் எழுதுவது? இப்படி முடிவுசெய்தவற்றை ஒரு தாளில் எழுதி, கைப்பிரதியோடு இணைத்துவிடும் எழுத்தாளரை மெய்ப்புப் பார்ப்பவர் கையெடுத்துக் கும்பிடுவார். மொழி அறக்கட்டளை உருவாக்கிய ‘தமிழ் நடைக் கையேடு’ இந்தக் கேள்விகளில் பலவற்றை எடுத்துப் பேசியிருக்கிறது; ஒப்புக்கொள்ளாத இடங்களிலும் அது யோசிக்கவைக்கும். ஒற்றுப்பிழைக்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி என்று நீச்சல்காரன் உருவாக்கிய கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை காட்டும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் காட்டுவதைப் பார்க்காமல் அனுப்புவதற்கு நியாயமில்லை.

வட்டார வழக்கில் எழுதுபவருக்கு இந்தத் தாள் இன்னும் அவசியம். ‘வந்துச்சு’, ‘வந்திச்சு’, ‘வந்திருச்சு’ மூன்றும் பேச்சில் உள்ளவைதான். ஆனால் ஒரே பாத்திரம் ஒரே பக்கத்தில் மூன்றையும் பேசினால் அது வழக்கா பிழையா என்று திருத்துபவருக்குத் தெரியாது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்கும் பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரத்துக்கும் சொல்லகராதி போட்டார்கள். அந்த அளவுக்கு வேண்டாம். திருத்தக் கூடாத சொற்களின் பட்டியல் ஒன்றைத் தந்தால் போதும். இலங்கை எழுத்தாளர்களின் புத்தகங்கள் சென்னையில் அச்சாகும்போது இது கண்கூடு. நுளம்பும் கதிரையும் தப்பிவிடும், அவை எல்லோருக்கும் தெரிந்துவிட்டன. ‘பேந்து’, ‘உவன்’, ‘கனக்க’ போன்றவற்றில் நல்லெண்ணத்தோடு ஒரு கை விழும். ‘உவன்’ தட்டச்சுப் பிழையாகத் தெரிந்து ‘அவன்’ ஆகிவிட்டால், யாழ்ப்பாணத்து முற்றத்தில் நிற்கும் ஆள் சற்றே இடம் மாறிவிடுகிறார். எதிரே இருப்பவருக்கு அருகில் நின்றவர் தூரத்துக்குப் போய்விடுகிறார்.

ஃபைல் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டிய பகுதி இது. யூனிகோடு பரவும் முன்பே தமிழ்ப் பக்க வடிவமைப்பு வளர்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்கள், ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினி என்று ஒவ்வொன்றும் தனிக் குறியேற்றம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியேற்றங்களும் தரப்படுத்தப்பட்டன. யூனிகோடை ஏற்றுக்கொள்ளும் தமிழ்நாடு அரசாணை 2010இல் வந்தது. ஆனால் அச்சுக் கூடங்களில் பழைய பேஜ்மேக்கர் நெடுநாள் இருந்தது, அதற்கு யூனிகோடு தமிழ் தெரியாது. எனவே எழுத்தாளர் யூனிகோடில் தந்ததைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி வடிவமைப்பார்கள். புதிய இன்டிசைன் பதிப்புகள் யூனிகோடு தமிழை நேராகக் கையாளும், என்றாலும் பழக்கம் விடவில்லை. மாற்றும்போது இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் குறிகளும் உருத்தெரியாமல் போகும். ஆகவே அனுப்பும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: யூனிகோடிலேயே பக்கம் வடிவமைக்கிறீர்களா, மாற்றுகிறீர்களா? மாற்றுவதாக இருந்தால் முதல் மெய்ப்பை எழுத்தாளரே முழுவதும் பார்த்தாக வேண்டும்.

யூனிகோடிலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு. ‘கௌரவம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘கெளரவம்’ என்று கொம்பும் ளகரமுமாகத் தட்டியிருப்பார்கள். தாளில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தேடினால் கிடைக்காது, மின்னூலைப் படித்துக்காட்டும் செயலி அதைக் கெளரவம் என்றே உச்சரிக்கும். ‘ஒளவையார்’ பிரச்சினையும் அதுவே. காலுக்குப் பதில் ரகரம், ரகரத்துக்குப் பதில் கால் என்பது பழைய ஃபைல்களை மாற்றும்போது வருவது. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை இரண்டு வகையாக உள்ளிடலாம். 2005இல் ஶகரம் யூனிகோடில் சேர்ந்தபின் வந்த இரட்டைநிலை இது. தேடி மாற்றுவதற்கு அரை மணிநேரம் போதும். எழுதும் வழியைப் பொறுத்துப் பிழையும் மாறும் என்பதை மெய்ப்புத் திருத்துபவர்கள் அறிவார்கள். ஆங்கில ஒலிப்பு முறையில் தட்டுபவருக்கு ண-ன, ல-ள, ர-ற குழம்பும். பேசித் தட்டச்சிடுபவருக்கு நிறுத்தக்குறிகள் காணாமற்போகும், சொற்கள் ஒட்டும் அல்லது பிளக்கும். கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017இல் தமிழுக்கு வந்தபிறகு இந்த இரண்டாம் வகைக் கைப்பிரதிகள் பெருகியிருக்கின்றன. தன் பிழை எந்த வகை என்று தெரிந்தவர் அதை மட்டும் தேடிப்பிடிக்கலாம்.

கவிதைக்காரர்கள் வேர்டு ஃபைலோடு ஒரு பிடிஎஃப் படியும் அனுப்புவது நல்லது, வரி எங்கே உடைகிறது என்பதற்குச் சாட்சி அதுதான். படங்களை வேர்டுக்குள் ஒட்டக் கூடாது. அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் தனித்தனியாக, வாட்ஸப் வழியாக இல்லாமல், அனுப்ப வேண்டும்.

நீளத்தைப் பற்றிய கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்ப் புத்தகங்களில் அதிகம் புழங்கும் டெம்மி அளவில், 11 புள்ளி எழுத்தில், ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 200 முதல் 240 சொற்கள் பிடிக்கும். 50,000 சொற்கள் என்றால் சுமார் 225 பக்கம். பாரம் ஒன்றுக்கு 16 பக்கம் என்று வைத்தால் 14 பாரம். பதிப்பாளர் கைப்பிரதியைக் கையில் எடுத்ததுமே மனத்தில் போடும் கணக்கு இதுதான்: தாள் இவ்வளவு, விலை இவ்வளவு, இந்தப் பெயருக்கு இந்த விலையில் போகுமா. முன்பெல்லாம் 1,200 பிரதி அடிப்பது வழக்கம். தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்தபின் நூறும் இருநூறுமாக அடிக்கிறார்கள். அதனால் துணிச்சல் கூடியிருக்கிறது, கவனம் குறைந்திருக்கிறது. நூறு பிரதிதானே என்று பிழையோடு போகும் புத்தகம் மற்றவற்றைவிடக் குறைவான பிழையோடு போவதில்லை.

கைப்பிரதியோடு போகும் கடிதம் ஒரு பக்கம் இருந்தால் போதும். எதைப் பற்றிய புத்தகம், எத்தனை சொற்கள், முன்பு எங்கே எந்தப் பகுதி வெளியானது, இதே துறையில் உள்ள புத்தகங்களிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பவை அதில் இருக்க வேண்டும். தன் விருதுப் பட்டியலால் தொடங்கும் கடிதங்கள் கைப்பிரதிக்கு உதவி செய்ததாகத் தெரியவில்லை. அதைவிட முக்கியம் அந்தப் பதிப்பகத்தின் வெளியீட்டுப் பட்டியலைப் பார்ப்பது. மரபுக்கவிதையே போடாத இடத்துக்கு வெண்பாத் தொகுப்பை அனுப்புவதால் இரு தரப்புக்கும் அஞ்சல் செலவுதான் மிச்சம். அணிந்துரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அணிந்துரை, வாழ்த்துரை, மதிப்புரை, நட்புரை என்று நான்கு பேர் வாசலில் நின்று வரவேற்கும் புத்தகத்தில் வாசகர் உள்ளே நுழையவே இருபது பக்கம் ஆகும். ஒன்று போதும், அதுவும் பதிப்பகம் ஏற்றுக்கொண்டபிறகு வாங்கலாம்.

உரிமை விஷயத்தில் எழுத்தாளர்கள் காட்டும் அசட்டை தனியாகப் பேசத் தக்கது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள்வரை அவருடைய எழுத்துக்கு உரிமை உண்டு. இலங்கையில் 70 ஆண்டுகள். பாரதி, கல்கி போன்று நாட்டுடைமையாக்கப்பட்டவர்களின் எழுத்தைத் தடையின்றி எடுத்தாளலாம். திரைப்பாடல்கள் அப்படியல்ல. நாவலின் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒரு பாடலின் பல்லவியைப் போடுபவர், விமர்சனத்துக்காக இரண்டு வரி எடுத்தாள்வதற்குச் சட்டம் தரும் சலுகை தனக்கும் உண்டு என்று நினைத்துக்கொள்கிறார். மொழிபெயர்ப்பில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. ஆல்பெர் காம்யு 1960இல் இறந்தார், ஆகவே 2021 முதல் இந்தியாவில் அவருடைய பிரெஞ்சு மூலத்துக்கு உரிமை கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கினால், அந்த ஆங்கில மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனியாக நிற்கும். அனுமதிக் கடிதம் இல்லாத மொழிபெயர்ப்பைப் பொறுப்புள்ள பதிப்பாளர் வாங்கிப் படிக்கக்கூட மாட்டார். இரண்டு ஆண்டு உழைத்து முடித்தபிறகு அதைக் கேட்டுத் திகைப்பதைவிட, முதல் பக்கத்தைத் தொடும் முன்பே கேட்பது மேல்.

ஒப்பந்தத்துக்கும் கைப்பிரதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தமிழில் வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடும் புத்தகங்கள் ஏராளம். உறவு நல்லபடி இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஆனால் உரிமையை ஒப்படைப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது 19ஆம் பிரிவு. கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ள வேண்டும். நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஒப்படைத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிராத பட்சத்தில், அது எழுத்தாளரிடமே திரும்பிவிடும். மின்னூல், ஒலிநூல், பிறமொழி உரிமைகள் தனித்தனியே எழுதப்பட வேண்டியவை. பத்து விழுக்காடு ராயல்டி என்ற வழக்கத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எதன் மேல் பத்து, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்கு என்று கேட்பவர் குறைவு.

ஒரு கைப்பிரதியைப் பல பதிப்பகங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பதில் எழுதும் வழக்கமே அருகிவிட்ட சூழலில் ஒவ்வொருவருக்காகவும் ஆறு மாதம் காத்திரு என்று எழுத்தாளரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலருக்கு அனுப்பியிருப்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் யாரும் குறைசொல்ல முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் அனுப்பினால் படிக்கப்படும் வாய்ப்பு கூடுதல் என்பது பதிப்பகத்தில் வேலை பார்த்த எவரும் சொல்லும் ரகசியம்.

புத்தகம் வெளியானபிறகும் கைப்பிரதி வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. எழுத்தாளரிடம் இருப்பது அவர் அனுப்பிய வேர்டு ஃபைல். மூன்று மெய்ப்புகளில் செய்த திருத்தமெல்லாம் பதிப்பகத்தின் இன்டிசைன் ஃபைலில்தான் ஏறியிருக்கும், வேர்டுக்குத் திரும்பி வராது. சில ஆண்டு கழித்து மின்னூல் போடும்போதோ பதிப்பகம் மாறும்போதோ அந்தப் பழைய வேர்டை எடுத்துக் கொடுக்கிறார்கள். முதல் பதிப்பில் ஒழித்த பிழைகள் அத்தனையும் இரண்டாம் பதிப்பில் உயிர்த்தெழுகின்றன. அச்சுக்குப் போன கடைசி ஃபைலின் பிடிஎஃப் படியையும், முடிந்தால் அதிலிருந்து எடுத்த யூனிகோடு பனுவலையும் புத்தகம் வந்த மாதத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். ஒப்பந்தத்தில் இதற்கென ஒரு வரி சேர்க்கச் சொன்னால் எந்தப் பதிப்பாளரும் மறுக்கக் காரணமில்லை.